உஷார்! பேப்பர் மூலையில் வரும் அந்தச் சின்ன அறிவிப்பு

காலையில் பேப்பரைப் புரட்டும்போது, டெண்டர் அறிவிப்புகளுக்கும் 'அசல் பத்திரம் தொலைந்துவிட்டது' விளம்பரங்களுக்கும் நடுவில் ஒன்று கண்ணில் படும். நாலு விரற்கடை அகலம்கூட இருக்காது. இன்ன மாவட்டம், இன்ன வட்டம், இன்ன கிராமம், புல எண் இத்தனை. வேளாண்மைப் பயன்பாட்டுப் பகுதியில் இருக்கும் இந்த நிலத்தைக் குடியிருப்புப் பயன்பாட்டுப் பகுதியாக மாற்ற உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை இருப்பவர்கள் இத்தனை நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். கீழே ஓர் அதிகாரியின் பதவிப் பெயர். முடிந்தது.

தயவுசெய்து அந்தப் பக்கத்தை இனிமேல் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் ஊர் ஏரிக்கும் ஓடைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் என்ன நடக்கப்போகிறது என்பது முதன்முதலில் வெளியே தெரிவது அங்கேதான். லாரி வந்து மண் கொட்டும் நாளில் ஓடிப்போய் மறிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்கள் கையில் செல்போன் இருக்கும், குரலில் கோபம் இருக்கும். எதிரில் நிற்பவர் சட்டைப்பையிலிருந்து அனுமதி உத்தரவின் நகலை எடுத்து நீட்டுவார். அதற்கு மேல் பேச்சு எடுபடாது. அந்த உத்தரவு பிறக்கும் முன்பு ஒரு கெடு இருந்தது. அந்தக் கெடுவுக்குள் ஒரு கடுதாசிகூடப் போகவில்லை.

இதை நான் தண்ணீரில் நின்று கற்றுக்கொண்டேன். வேளச்சேரிப் பக்கம் தரைத்தள வீடு எங்களுடையது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி, தெருவில் ஏறிக்கொண்டிருந்த வெள்ளத்தைத் தடுக்க வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் தரையில் இருந்த சல்லடை மூடி மெல்ல எழும்பியது. அதன் கீழிருந்து கறுப்பாக, நுரையோடு, சாக்கடை நாற்றத்தோடு குபுகுபுவென்று வந்தது. அடுத்து கழிவறைக் கோப்பை வழியாக. வெளியே எட்டிப் பார்த்தால் சம்ப்பின் இரும்பு மூடி ஒருக்களித்துக் கிடக்க, குடிக்கிற தண்ணீரும் தெருத் தண்ணீரும் ஒன்றாகிவிட்டிருந்தன. அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். வடிந்த பிறகு சுவரில் இடுப்பளவில் ஒரு கோடு. எட்டு வருடம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அதே சுவரில் இன்னொரு கோடு விழுந்தது. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நாங்கள் மூன்று முறை வெள்ளையடித்திருந்தோம்.

வீடு வாங்கியபோது தரகர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பட்டா கிளியர் சார், அப்ரூவல் இருக்கு, பேங்க்ல லோன் குடுக்கறான். அப்புறம் என்ன சார் யோசனை?" அவர் பொய் சொல்லவில்லை. பட்டா இருந்தது, அப்ரூவல் இருந்தது, கடனும் கிடைத்தது. அந்த மூன்றில் எதுவும் இந்த நிலம் எவ்வளவு தாழ்வு, மழைத்தண்ணீர் இதன் வழியாக எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு பழைய கிராம வரைபடம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். எங்கள் தெரு நிற்கிற இடத்தில் தெரு இல்லை, ஏரியின் வால் இருந்தது. ஒரு காலத்தில் 250 ஏக்கருக்கு மேல் பரந்திருந்த வேளச்சேரி ஏரி இன்று 60 ஏக்கருக்கும் கீழே சுருங்கிக் கிடக்கிறது. மிச்சத்தில்தான் நாங்கள் சமைக்கிறோம், தூங்குகிறோம், மழை வந்தால் விழித்திருக்கிறோம்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் பள்ளிக்கரணை. பழைய ஆட்கள் கழுவெளி என்பார்கள். ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. மழை வந்தால் கடல்போல விரியும், கோடையில் சேறும் சம்புமாக ஒடுங்கும். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று 30-க்கும் மேற்பட்ட ஏரிகள், சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழையை ஒன்றுக்கொன்று கைமாற்றிக் கொடுத்து கடைசியில் இங்கே கொண்டுவந்து சேர்க்கும். சதுப்பு அதை வாங்கி விரித்துப் படுக்க வைத்து, ஒக்கியம் மடுவு வழியாக மெதுவாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அங்கிருந்து முட்டுக்காடு பக்கம் கடலுக்கும் அனுப்பும். அந்த 'மெதுவாக' என்பதில்தான் தென்சென்னையின் உயிர் இருந்தது. மேலே வேகமாக வரும் தண்ணீருக்கும் கீழே இருக்கும் ஒரே குறுகலான வாசலுக்கும் நடுவில் இத்தனை பெரிய திண்ணை இருந்ததால்தான் யாரும் முழுகவில்லை.

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் என்று கணக்கிடப்பட்ட அந்தத் திண்ணையில் இன்று ராம்சர் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலின் எல்லைக்குள் அடங்குவது 1,247 ஹெக்டேர். சதுப்பாகவே மிஞ்சியிருப்பது அதைவிடக் குறைவு. பெருங்குடி பக்கம் மாநகரத்தின் குப்பை மலை வந்தது. நடுவே துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடி சாலை வந்து இரண்டாக வெட்டியது. பறக்கும் ரயில் வந்தது, ஆராய்ச்சி நிறுவனங்கள் வந்தன, ஐ.டி. கட்டடங்கள் வந்தன. இதில் பெரும்பகுதி இரவோடு இரவாக யாரோ வளைத்துப்போட்டது இல்லை. கோப்பு நகர்ந்தது, கையெழுத்து விழுந்தது, நிலம் ஒதுக்கப்பட்டது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டதற்கும், 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததற்கும் பின்னால் எத்தனையோ பேரின் பல வருட உழைப்பு இருக்கிறது. அவர்களால்தான் இன்றைக்கு இவ்வளவாவது மிச்சம். ஆனால் பட்டியலில் சேர்ந்து மூன்று வருடம் தாண்டியும் எந்தப் புல எண் உள்ளே, எது வெளியே என்ற சண்டை ஓயவில்லை. 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு, சதுப்பின் தாக்கப் பகுதி எதுவரை என்ற ஆய்வு முடியும்வரை ராம்சர் எல்லையிலும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டரிலும் கட்டுமான அனுமதி கொடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டிவந்தது. உலகமே அங்கீகரித்த இடத்துக்கே இந்த நிலை. உங்கள் ஊர்த் தாங்கலுக்கு யார் இருக்கிறார்கள்?

காகிதத்தில் இருக்கும் வார்த்தைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். தீர்வை வராத நிலத்துக்கெல்லாம் வருவாய்த் துறை வைத்த பெயர் புறம்போக்கு. ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி. எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் வரிக்கணக்குக்குப் புறத்தே நின்ற நிலம். அந்த வார்த்தையை நாம் வசவாக்கிவிட்டோம். இன்னொரு வார்த்தை 'தரிசு'. நெல் விளையாத சதுப்பு, வெள்ளாடு மேயும் குறுங்காடு, மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் பள்ளம் எல்லாம் பதிவேட்டில் தரிசு. திட்டம் போடுகிற மேசைக்கு அந்த ஒரு சொல் போய்ச் சேர்ந்தால் போதும். 'சும்மா கிடக்கிற நிலம்' என்று ஆகிவிடும். நீலத் தாழைக்கோழி சம்புக்குள் குஞ்சுகளை நடத்திக்கொண்டு போவதோ, குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குவதோ, அக்கம்பக்கத்துக் கிணறுகள் அதனால்தான் ஊறுகின்றன என்பதோ அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை.

இது நேற்று வந்த வியாதியும் இல்லை. 1920-களில் மயிலாப்பூர் நெடும் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. முகப்பேரில் இன்றும் தபால் விலாசத்தில் 'ஏரித் திட்டம்' என்றே எழுதுகிறார்கள். ஏரியின் மேல் போட்ட வீட்டுமனைத் திட்டம் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அன்றைக்கு வீடு தேவைப்பட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2015-க்குப் பிறகும், 2019 கோடையில் நீர்த்தேக்கங்கள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த பிறகும், நாம் அதே பிழையைச் செய்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாலே வருட இடைவெளியில் தண்ணீரில் முழுகியும் தண்ணீருக்குத் தவித்தும் நின்றது ஒரே ஊர்.

இப்போது ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பீர்கள். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-ல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் ஊர்கள், அரக்கோணம் பக்கத்து ஊர்கள் எல்லாம் இப்போது பெருநகரக் கணக்கில். எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும், 2008-ல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரைதான். அடுத்த இருபது வருடத்துக்கான மூன்றாவது திட்டத்தின் வேலை நடக்கிறது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரிகள் மாவட்டம் என்பார்கள். ஆறு பெரிதாக இல்லாத நிலம், ஏரியை வெட்டியே பிழைத்த நிலம். அந்த ஏரிகளுக்கு மேலே வரைபடத்தின் வண்ணம் பூசப்படப்போகிற நேரம் இது. மஞ்சள் குடியிருப்பு, ஊதா தொழிற்சாலை, பச்சை வேளாண்மை, நீலம் நீர்நிலை என்கிற மாதிரி. ஒருமுறை வண்ணம் விழுந்துவிட்டால் பிறகு நம்மைப் போன்றவர்கள் அதை மாற்றவைப்பது லேசில்லை.

வெளியூர்க்காரர்கள் இது சென்னைக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டம் மாநிலம் முழுக்கத்தான். மதுரையில், கோவையில், சேலத்தில், உங்கள் தாலுகா தலைநகரில் இதே வண்ணங்கள்தான், இதே மூலை அறிவிப்புதான்.

சரி, திட்ட வரைபடத்தைப் பார்த்தால் ஏரி நீலமாகத்தானே இருக்கிறது, பிறகென்ன என்று நிம்மதி அடையாதீர்கள். இங்கேதான் அதிகபட்ச உஷார் வேண்டும். இப்போதெல்லாம் ஏரியை யாரும் நேரடியாக மூடுவதில்லை. நீலத் திட்டை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியிருப்பதை எல்லாம் மஞ்சளாக்குகிறார்கள். ஏரி என்றால் அந்தத் திட்டு மட்டும்தானா? மேலே இருந்து தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் உண்டு. வரத்துக்காலுக்குத் தண்ணீர் வடிந்து வரும் மேட்டுநிலம் உண்டு. கரை, மதகு, கலங்கல் உண்டு. கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும் போக்குக்கால் உண்டு. மதகுக்குக் கீழே ஆயக்கட்டு வயல் உண்டு. இத்தனையும் சேர்ந்ததுதான் ஏரி.

வரத்துக்கால் மனைப்பிரிவுக்குள் மாட்டிக்கொண்டால், மழைத்தண்ணீர் ஏரிக்கு வராது. அந்த மனைப்பிரிவின் சாக்கடை மட்டும் வரும். போக்குக்கால் மேல் தெரு போட்டால், கலங்கல் வழியும் நாளில் தண்ணீர் அந்தத் தெருவைத்தான் காலாக்கிக்கொள்ளும். இவை இரண்டும் பலருக்குத் தெரியும். மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஆயக்கட்டு வயலெல்லாம் வீடாகிவிட்டால் மதகு திறக்க ஆள் இருக்க மாட்டார்கள். பாசனத்துக்குத் தண்ணீர் விட்டு ஏரி கோடையில் வற்றினால்தானே ஐப்பசி மழைக்கு உள்ளே இடம் இருக்கும்? மதகை சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, உள்ளே சாக்கடையும் வந்துகொண்டிருந்தால், புரட்டாசியிலேயே ஏரி விளிம்பு தட்டி நிற்கிறது. முதல் பெருமழையிலேயே வெளியே தள்ளுகிறது. வரைபடத்தில் ஏரி நீலமாக, பத்திரமாக, ஓர் அங்குலம்கூடக் குறையாமல் இருக்கும். அதைச் சுற்றி வீடு வாங்கியவர்கள் மார்பளவுத் தண்ணீரில் நிற்பார்கள்.

அழகுபடுத்துகிறோம் என்று வருகிறார்களே, அதையும் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்காதீர்கள். நடைபாதை வேண்டும்தான், சாயங்காலம் காலாற நடக்க எனக்கும் ஆசைதான். அதைக் கரையின் மேல் போடுகிறார்களா, கரைக்கு உள்பக்கமாக மண் கொட்டி நீர்ப்பரப்பைத் தின்று போடுகிறார்களா என்று போய்ப் பாருங்கள். சம்பும் கோரையும் அசிங்கம் என்று வழித்தெடுத்துவிட்டுக் கல் பதித்துவிட்டால் தாழைக்கோழிக்கும் இலைக்கோழிக்கும் அங்கே வேலை இல்லை, போய்விடும். அதேபோல, மனைப்பிரிவில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கியிருக்கிறோமே என்பார்கள். சட்டம் கேட்பதால் ஒதுக்குகிறார்கள், நல்லதுதான், குழந்தைகள் விளையாடட்டும். ஆனால் மூலையில் மிஞ்சிய ஒரு துண்டு நிலமும் நாலு கிராமத்துத் தண்ணீரைக் கடத்திய ஓடையும் ஒன்றாகிவிடாது.

போன வருடம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். நண்பர் அங்கே மனை வாங்க நினைத்திருந்தார். கம்பி வேலி, வளைவு, கொடிகள், ஒரு குடை, குடைக்குக் கீழே விற்பனைப் பையன். சாலைக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் எழுபது வயது தாண்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் அந்த ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவராம். மதகு திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று பார்ப்பது, அறுவடைக்குப் பிறகு களத்தில் அதற்கான நெல்லை வாங்கிக்கொள்வது.

"எந்த மனை பாத்தீங்க தம்பி?"

நண்பர் எண்ணைச் சொன்னார். பெரியவர் எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிக்குள் வந்து, இரண்டு மனைக் கற்களுக்கு நடுவே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் மண்ணை வகிர்ந்தார். மேலே செம்மண். ஒரு சாண் கீழே கறுப்புக் களி, அதில் உடைந்த நத்தை ஓடுகள்.

"இது கால்வா தம்பி. மேல ஏரி கோடி போனா இதுல தான் வரும். எங்கப்பா காலத்துல ஆள் முழுகற ஆழம். செம்மண்ணு எங்கூரு மண்ணே இல்ல. லாரில வந்தது."

"பட்டா இருக்குதேங்க ஐயா," என்றார் நண்பர்.

"பட்டா இருக்கும். தண்ணியும் வரும்."

நண்பர் மனை வாங்கவில்லை. நான் மறுவாரம் அந்தக் கிராமத்தின் வரைபடத்தையும், நில வகைப்பாடு எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டையும் வாங்கிப் பார்த்தேன். பெரியவர் காலால் வகிர்ந்த இடத்தில் பழைய வரைபடத்தில் இரட்டைக்கோடு இழுத்து வாய்க்கால் போட்டிருந்தது. பதிவேட்டிலும் வாய்க்கால் என்றே இருந்தது. மனைப்பிரிவின் வண்ணப் படத்தில் அதே இடத்தில் '30 அடி சாலை'.

இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நீங்கள் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. கிராம வரைபடம், புல வரைபடம், 'அ' பதிவேடு மூன்றும் பொது ஆவணங்கள். தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெரியவர் மாதிரி ஒருவரோடு ஒருமுறை ஊரைச் சுற்றி நடங்கள். எந்த ஊரிலும் இன்னும் இரண்டொருவர் இருக்கிறார்கள். இன்னும் எத்தனை வருடம் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை. அவர் சொல்வதை செல்போனில் பதிவு செய்யுங்கள், புல எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வரைவுத் திட்டத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பழைய வரைபடத்தில் ஓடையாக இருப்பது புதியதில் என்ன நிறத்தில் இருக்கிறது? மேய்க்கால் எங்கே போயிற்று? இரண்டு ஏரிகளை இணைத்த கோடு அப்படியே இருக்கிறதா, நடுவில் அறுந்திருக்கிறதா?

சட்டம் காப்பாற்றிவிடும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். சட்டத்தில் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன, தெரிந்துகொண்டு பேசினால்தான் பிடி கிடைக்கும். 2017-ஆம் வருட ஈரநில விதிகள் நல்ல விதிகள். அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக்கூடாது, கடந்த பத்து வருட சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன. ஆனால் பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை அந்த விதிகள் தங்கள் வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. தமிழ்நாட்டு ஏரிகளில் பெரும்பாலானவை மனிதர் வெட்டியவைதானே? சரி, 2007-ல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்ததே என்றால், அது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்கானது. ஊராட்சி ஒன்றியத்தின் சின்ன ஏரி, தாங்கல், குட்டை, ஊருணி எல்லாம் இரண்டுக்கும் நடுவில் விழுகின்றன. உங்கள் ஊர் நீர்நிலை யார் பொறுப்பில் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பதில் சொல்லவே மூன்று அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டும். அப்படிக் கைகாட்டினால் அந்த ஏரிக்கு ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கைகொடுப்பவையும் உண்டு. குளம், குட்டை, காடு, மலை இவையெல்லாம் சமுதாயத்தின் சொத்து, அவற்றைக் காக்க வேண்டும் என்று ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் 2001-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மனுவில் இந்த இரண்டையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். கிராம சபை இருக்கும் ஊர் என்றால் வருடத்துக்கு ஆறு நாள் உங்கள் கையில் இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏரியையும் கால்வாயையும் புல எண் வாரியாக எழுதி, நிலப்பயன்பாடு மாற்றக்கூடாது என்று தீர்மானம் போடுங்கள். நகராட்சியோடும் மாநகராட்சியோடும் இணையப்போகிற ஊராட்சிகள் இதை உடனே செய்ய வேண்டும். இணைந்த மறுநாள் உங்களுக்குக் கிராம சபை இருக்காது.

ஆட்சேபணை மனு எழுதும்போது 'இயற்கையைக் காப்பாற்றுங்கள்' என்று பொதுவாக எழுதி அனுப்பிவிடாதீர்கள். அப்படிப்பட்ட கடிதத்தை 'பரிசீலிக்கப்பட்டது' என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியும். அறிவிப்பு வந்த நாளிதழின் தேதி, கிராமம், வட்டம், புல எண், பழைய பதிவேட்டில் அதன் வகைப்பாடு, திட்டத்தில் காட்டியிருக்கும் வகைப்பாடு, அந்த இடத்தில் எந்த ஏரியின் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது, 2015-லும் 2023-லும் அங்கே எந்த அளவுக்குத் தண்ணீர் நின்றது, இவை வேண்டும். வெள்ளத்தின்போது எடுத்த போட்டோ இருந்தால் தேதியோடு இணையுங்கள். எங்கள் தெருவில் நாங்கள் சுவர்க் கோட்டின் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து எடுத்த படத்தை வைத்தோம். ஒரே மனுவில் நூறு கையெழுத்து வாங்குவதைவிடத் தனித்தனியாகப் பத்துப் பேர் பத்து மனு கொடுப்பது நல்லது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எண் விழும், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

கெடுவின் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். அறிவிப்பின் கத்தரிப்பை மனுவோடு பின் செய்து, ஸ்பீட் போஸ்டில் ஒன்று அனுப்பிவிட்டு, நேரிலும் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். தபால் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் "வெச்சிட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்பார். வைத்துவிட்டு வராதீர்கள். உங்கள் நகலில் தேதியோடு முத்திரை விழும்வரை அந்த ஜன்னலை விட்டு நகராதீர்கள்.